அலுவல்முறையில் சாப்பிடவில்லை

பிச்சைமுத்துவின் வீட்டுக்கு முன்னால் முதலில் வந்து இறங்கியது தண்ணீர் கேன். பிறகு மடக்கு நாற்காலிகள் இறங்கின. பிறகு ஒரு மேசை, மேசைமேல் விரிக்க ஒரு துணி, துணிமேல் வைக்க ஒரு பூச்சாடி. மனிதர்கள் கடைசியாகத்தான் இறங்கினார்கள். சங்கராபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் காலனிக்கு ஓட்டுக் கேட்டும் கணக்கெடுத்தும் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். தண்ணீர் முதற்கொண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு குடித்தனத்தோடு வந்தவர்கள் இவர்கள்தான்.

வந்தது தூதர் தகுதி மதிப்பீட்டுக் குழு. கரும்பு வெட்டுகிற பிச்சைமுத்துவின் வீட்டுக்கு அது ஏன் வர வேண்டும் என்றால், அவருடைய மகள் எழில்மதி டெல்லியில் வெளியுறவுத் துறையில் அதிகாரி. சல்வேரியா என்ற மலைநாட்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். அந்த நாட்டுக்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போட்டு, அவர்கள் பாஷையிலேயே சமாதானமும் ஆகக்கூடியவள். அங்கே நிலநடுக்கம் வந்தபோது படிக்கப் போயிருந்த நம் பிள்ளைகளைப் பஸ் பிடித்து எல்லை தாண்டிக் கூட்டி வந்ததும் அவள்தான். அடுத்த தூதர் எழில்மதி என்று அவளுடைய இலாகாவில் முடிவு செய்து கோப்பை மேலே அனுப்பினார்கள். மேலே போன கோப்பு இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொண்டு கீழே வந்தது.

அந்த இன்னொரு பெயர் சுபாஷ். அவருக்கு ஒரு கல்குவாரியும் ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒரு மாமனாரும் இருந்தார்கள். மாமனார் ஆதிமூலம்தான் ஊரிலேயே பெரிய நிலக்காரர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்தக் கட்சியில் இருப்பவர். பிச்சைமுத்து வெட்டுகிற கரும்பும் அவருடையது, குத்தகைக்கு உழுகிற துண்டு நிலமும் அவருடையது. சுபாஷின் வெளிநாட்டு அனுபவம் சிங்கப்பூருக்கு இரண்டு தடவை போய் வந்தது. அதில் ஒரு தடவை விமான நிலையத்தை விட்டு வெளியே வர வழி தெரியாமல் அப்படியே திரும்பிவிட்டார்.

இரண்டு பேரில் யார் என்று எப்படி முடிவு செய்வது? மொழித் தேர்வு வைக்கலாமா என்று யோசித்தார்கள். ஒருத்திக்கு அந்த மொழி தெரிந்திருப்பதால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அனுபவத்தைப் பார்க்கலாமா? அனுபவம் இல்லாதவருக்கு அது அநீதி. கடைசியில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தகுதியைக் கண்டுபிடித்தார்கள். தூதர் வேலை என்பது விருந்து வைக்கிற வேலை. விருந்து வைக்கும் பண்பு பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். ஆகவே பிறந்த வீட்டில் குழுவுக்கு விருந்து வைக்க வேண்டும். குழுவில் யாராவது ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டால் தேர்ச்சி. யாருமே சாப்பிடாவிட்டால் தோல்வி.

சுபாஷ் வீட்டு விருந்து அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. மூன்று வகை பிரியாணி. குழுத் தலைவர் பெல்ட்டைத் தளர்த்தி மதிப்பெண் போட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற தூதர். அவர் எதைப் பார்த்தாலும் "நான் ஐரோப்பாவில் இருந்தபோது" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டாவது, நெறிமுறை அதிகாரி ரம்யா. மூன்றாவது, உள்ளூர்ப் பண்பாட்டு உறுப்பினர் ஆதிமூலம். மருமகன் போட்டியில் இருப்பதால் நியாயம் தவறாமல் பார்த்துக்கொள்வதில் அவரைவிட அக்கறையுள்ளவர் கிடைக்கமாட்டார் என்று அவரைப் போட்டிருந்தார்கள்.

முதல் நாளே எழில்மதி போனில் சொல்லியிருந்தாள். "யப்பா, ஒரே ஒரு வாய். யாராச்சும் ஒருத்தரு ஒரு வாய் சாப்ட்டா போதும். நீ வேற ஒண்ணும் பேச வேணாம்."

"எம்மா, நீ படிச்ச படிப்புக்கும் நம்ம வூட்டுக் கொழம்புக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"எனக்கும் தெரியலப்பா. ஆனா அதுலதான் எல்லாம் நிக்குது."

பிச்சைமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. பரீட்சை எழுதச் சொல்லியிருந்தால் அவருடைய மகள் எழுதிவிடுவாள். இது அப்படியா? அந்த ஊர்த் தெருக்காரர் யாரும் காலனி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்து அவர் பார்த்ததில்லை. ஆதிமூலம் ஒவ்வொரு தேர்தலுக்கும் காலனிக்குள் வருவார், கும்பிடுவார், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சக்கூடச் செய்வார். டீத்தண்ணி கொண்டுவந்தால் மட்டும் "இப்பதான் குடிச்சேன்" என்பார். எந்த நேரத்தில் கொடுத்தாலும் அவர் இப்போதுதான் குடித்திருப்பார்.

பிச்சைமுத்துவின் மனைவி இருசம்மாள் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். வறுவல், முட்டை, ரசம், வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. வாடகைக்கு எடுத்துவந்த புது எவர்சில்வர் தட்டுகளை மூன்று தடவை கழுவினாள்.

தலைவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்தார். "அற்புதமான மணம். குழுவின் சார்பில் பாராட்டுகிறேன்."

"சாப்டுங்க சார்," என்றாள் இருசம்மாள்.

"எனக்குச் சர்க்கரை, அம்மா."

"அப்ப பாயசத்த வுட்ருங்க. கறி சாப்டலாங்க."

"ரத்தக் கொதிப்பும் உண்டு. உப்பு ஆகாது."

"உப்பு கம்மியாதாங்க போட்டிருக்கேன்."

"உப்புக் குறைவாக இருந்தால் எனக்கு இறங்காது," என்றார் தலைவர் மிகுந்த வருத்தத்தோடு.

ரம்யா தட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார், குழம்பைப் போட்டோ எடுத்தார், வடையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு விரதமாம். நேற்று சுபாஷ் வீட்டில் ரெண்டு வகை மீன் சாப்பிட்டாரே என்று பிச்சைமுத்து வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

"அது நேற்று இருக்க வேண்டிய விரதம். நேற்று இருக்க முடியாததால் இன்று இருக்கிறேன்," என்றார் ரம்யா.

மீதி இருந்தது ஆதிமூலம். அவர் காரை விட்டே இறங்கவில்லை. பிச்சைமுத்து கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, ஒரு வாய் சாப்டுங்கய்யா. எம் பொண்ணு வாழ்க்கைய்யா."

கண்ணாடி கொஞ்சம்போல இறங்கியது. "டேய் பிச்ச, நான் எறங்கணும்னு இன்னாடா அவசியம்? உள்ள ஏசி ஓடிக்கினு இருக்குது. நான் இங்கேர்ந்தே பாத்துக்கினு இருக்கேன்."

"ஒரு வடையாச்சும் எடுத்தாரட்டாங்க?"

"இப்பதான் சாப்ட்டேன்," என்றார் ஆதிமூலம். கண்ணாடி ஏறியது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். காலனி ஜனங்கள் சுற்றி நின்று கேட்டார்கள். "எங்களிடம் எந்தப் பாகுபாடும் கிடையாது. உங்கள் தெருவில், உங்கள் வெயிலில், இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்தேனே, அதற்குமேல் என்ன சமத்துவம் வேண்டும்? நாங்கள் சாப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் வந்தவரைச் சாப்பிட வைப்பதுதானே விருந்தோம்பல்? நாங்கள் சாப்பிடவில்லை என்றால் குறை யாரிடம் இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் ஐரோப்பாவில் இருந்தபோது, எனக்குப் பசியே இல்லாத விருந்துகளில்கூட என்னைச் சாப்பிட வைத்திருக்கிறார்கள். அது ஒரு கலை. அது சில குடும்பங்களுக்கு இயல்பாக வருகிறது."

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு வெக்கை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

விதியைப் பார்த்து ரம்யா ஒரு சின்ன ஆறுதல் சொன்னார். ஆய்வு பொழுது சாயும்வரை நடப்பில் இருக்கும். அதற்குள் யாராவது ஒரு வாய் உண்டாலும் தேர்ச்சிதான். ஆனால் குழு இப்போது இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டும். சல்வேரியா மலைநாடு ஆயிற்றே, உயரமான இடத்தில் வேட்பாளரின் குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்காகப் பிச்சைமுத்துவை வெள்ளிமலைக்கு ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். மலையில் அருவி இருப்பதும், விருந்தினர் மாளிகையில் மதியச் சாப்பாடு சொல்லி வைத்திருந்ததும், தலைவர் பையில் துண்டும் சோப்பும் இருந்ததும் தற்செயல்.

இருசம்மாள் எல்லாவற்றையும் பெரிய தூக்குகளில் போட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள். "வழில பசிச்சா சாப்புடுவாங்க. பொழுது இருக்குதுன்னு அந்தம்மா சொல்லுதில்ல."

மலைக்கு வாடகை ஜீப். ஓட்டியவர் வெள்ளிமலைக்காரரான சந்தோஷ். மூன்று பேரும் இருக்கைகளில் உட்கார, பிச்சைமுத்து பின்னால் மாற்று டயர்மேல் தூக்குகளைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார். கோமுகி அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ரம்யா திரும்பிப் பார்த்து, "தலை சுற்றுகிறதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "இல்லீங்க," என்றார் பிச்சைமுத்து. வாந்தி எடுத்தது தலைவர்தான். அது குறிப்பில் ஏறவில்லை.

பாதி மலையில் வழி அடைபட்டுக் கிடந்தது. முந்தின இரவு மழையில் மண்ணும் பாறையுமாகச் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. திருப்பலாம் என்று சந்தோஷ் வண்டியை ஒடித்ததில் பின்சக்கரம் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. "மேலேர்ந்து டிராக்டர் வந்தாதாங்க. வரும்போதுதான் வரும்," என்றார் சந்தோஷ்.

மதியச் சாப்பாடு பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நேரம் போகப் போகக் கேன் தண்ணீரும் தீர்ந்தது. தலைவர் ஐரோப்பாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். வாந்தி எடுத்துக் காலியான வயிறு அவருக்குள்ளே சத்தம் போட்டது, எல்லாருக்கும் கேட்டது. மலைக்காற்றில் தூக்கின் மூடியை மீறிக்கொண்டு நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அதில் உப்பு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் தலைவர்.

"சரியா இருக்கும் சார்."

"பரிசோதனைக்காக ஒரு வாய் பார்க்கலாம்."

பிச்சைமுத்து தேக்கு இலைகளைப் பறித்து, மழைத் தண்ணீரில் அலசி, சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். தலைவர் பரிசோதித்தார். பரிசோதித்துக்கொண்டே இருந்தார். அவருடைய சர்க்கரை பாயசத்தையும் விட்டுவைக்கவில்லை. மலை ஏறிவிட்டால் விரதத்துக்கு விலக்கு உண்டு என்று யாரோ சொன்னது ரம்யாவுக்கு நினைவு வந்தது. அவரும் ஓர் இலை வாங்கிக்கொண்டார்.

ஆதிமூலம் மட்டும் எட்டப் போய் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கு எவ்வளவு நேரத்துக்குத்தான் பசியைத் தாங்கும். திரும்பி வந்து ரோட்டை மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"பிச்ச, இங்க யாரும் வரமாட்டாங்க இல்ல?"

"யாருங்க வரப்போறா."

"டேய் டிரைவரு, நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு." ஒரு பாறைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு இலையை நீட்டினார். "கை படாம ஊத்துடா."

பிச்சைமுத்து கை படாமல் ஊற்றினார். ஆதிமூலம் இரண்டாவது தடவை வாங்கினார். மூன்றாவது தடவை வாங்கும்போது, "ஈரல் இருக்குதா பாரு," என்றார். இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கென்று இருசம்மாள் எடுத்து வைத்து, பிறகு மனசு கேட்காமல் இதில் போட்டுவிட்டது. அதையும் பிச்சைமுத்து கைபடாமல் போட்டார். அப்போது அவருக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாய் கேட்டார்கள், மூன்று பேரும் இலையை வழித்துவிட்டார்களே. பொழுது இன்னும் உச்சியை விட்டு நகர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"எம் பொண்ணு பாஸாயிட்டா தம்பி," என்றார் சந்தோஷிடம்.

தலைவர் கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "பிச்சைமுத்து, ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பசிக்குச் சாப்பிடுவது வேறு, பணிக்குச் சாப்பிடுவது வேறு. மனிதர்கள் என்ற முறையில் நாங்கள் சாப்பிட்டோம். குழு என்ற முறையில் இன்னும் வெறும் வயிற்றோடுதான் இருக்கிறோம். அலுவல்முறையில் சாப்பிடவில்லை."

பிச்சைமுத்து வெறுமையான தூக்கையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாலை அடைபட்ட இடத்தில் வழங்கும் உணவு விருந்தில் சேராது," என்று ரம்யா விளக்கினார். "அது பேரிடர் நிவாரணம். நிவாரணம் வழங்கியதற்காக உங்களுக்கு நன்றி தெரிவிக்க ஏற்பாடு செய்கிறேன்."

"மேடம், நான் பாத்தேன் மேடம். நல்லாத்தான் சாப்ட்டீங்க," என்றார் சந்தோஷ்.

"ஓட்டுநர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும்," என்றார் தலைவர். "வேறு எதையாவது பார்த்ததாகச் சொன்னால் உரிமம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்."

சந்தோஷ் ரோட்டைப் பார்த்தார். ஆதிமூலம் பல்லைக் குத்திக்கொண்டே பிச்சைமுத்துவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல ஒரு வார்த்த வெளிய வந்துச்சு, கரும்பு வெட்டும் இல்ல, குத்தகையும் இல்ல. புரிதா?"

அப்போதுதான் பிச்சைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? டிராக்டர் வந்து மண்ணை ஒதுக்கி ஜீப்பை இழுத்துவிட்டதும், வாயை மூடிக்கொண்டு டயர்மேல் ஏறி உட்கார்ந்தார்.

அறிக்கை ஒரே வரி. வேட்பாளரின் குடும்பத்தினரால் குழுவினரை ஒரு வாய்கூட உண்ண வைக்க இயலவில்லை. சல்வேரியாவுக்குச் சுபாஷ் தூதரானார். நிர்வாகம் எழில்மதியையும் கைவிடவில்லை. அவள் சுபாஷுக்கு உதவியாகப் போகலாம் என்றார்கள். அவர் பேச வேண்டியதை அவள் பேசுவாள், அவர் எழுத வேண்டியதை அவள் எழுதுவாள், விருந்து மட்டும் அவர் கொடுப்பார்.

"நெசமாவே யாரும் ஒரு வாய்கூட சாப்டலியாப்பா?" என்று எழில்மதி போனில் கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் பிச்சைமுத்து. மனைவியிடம், தூக்கைக் காலி செய்தது டிரைவர் என்று சொல்லியிருந்தார். அவள் அதோடு விடவில்லை. "மசாலா ஜாஸ்தியா பூட்டுச்சோ. ஆபீசருங்க நாக்குக்கு ஒத்துக்கல போல. என்னாலதான் பொண்ணுக்கு வேல போச்சு," என்று நாளுக்கு நாலு தடவை சொல்லி மாய்ந்துபோனாள். ஒவ்வொரு தடவையும் பிச்சைமுத்துவுக்கு உயிர் போய் வந்தது. தின்றவர்கள் மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், ஆக்கிப் போட்டவள் அழுகிறாள். இது என்ன நியாயம் என்று வரப்பிலும் கரும்புக்காட்டிலும் தனியாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

கள்ளக்குறிச்சியில் பெரிய கல்யாண மண்டபம் பிடித்துச் சுபாஷுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். பாகுபாடு இல்லை என்பதை நாடு பார்க்க வேண்டும் என்று, தோற்றவளின் அப்பாவை மேடையில் ஏற்றிப் புதுத் தூதரை வாழ்த்த வைப்பது தலைவரின் யோசனை. ஆதிமூலத்தின் ஆட்கள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். இருசம்மாள் போக வேண்டாம் என்றாள். பிச்சைமுத்து சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

மைக்கை அவர் கையில் கொடுத்து, "வாழ்த்துறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கிடு," என்றார்கள். முன்வரிசையில் ஆதிமூலமும் அவர் மனைவி தங்கமணியும் சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கங்க," என்றார் பிச்சைமுத்து. "மாப்ளய வாழ்த்தச் சொல்லிக் கூப்ட்டாங்க. வாழ்த்தறேன். மாப்ள, நீங்க போற நாட்டுல அவுங்க வூட்டுக்குக் கூப்ட்டு சோறு போடுவாங்களாம். அதுதான் வேலையாம். போட்டா துன்னுங்க. துன்னா, துன்னேன்னு சொல்லுங்க. உங்க மாமனாரு மாதிரி, மலைமேல பாறைக்குப் பின்னால குந்திக்கினு, எங்க வூட்டுக் கோழிக் கொழம்ப மூணு வாட்டி வாங்கித் துன்னுட்டு, ஈரல் இருக்குதா பாருன்னு கேட்டு அதையும் துன்னுட்டு, கீழ எறங்குனதும் துன்னவே இல்லன்னு சொல்லாதீங்க. அங்க போய் அப்புடி செஞ்சீங்கன்னா உங்கள துப்ப மாட்டாங்க, நம்ம நாட்டத்தான் துப்புவாங்க."

ஆதிமூலம் எழுந்தார். "குடிச்சிட்டு வந்துக்கிறான். மைக்க புடுங்குங்கடா."

தங்கமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கி மலைக்குப் போய்ட்டு வந்து, வயிறு ரொம்பிக்கினு இருக்குது, ராவுக்கு ஒண்ணும் வேணாம்னீங்களே, அதானா?"

சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நிலைமையைச் சமாளிக்க மேடைக்கு ஓடிவந்தார். "குழம்பு மிக நன்றாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை," என்று மைக்கில் ஆரம்பித்தார். அதற்குள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அலுவல்முறையில் என்று அவர் தொடர்ந்தது முதல் வரிசைக்குமேல் கேட்கவில்லை.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. குறித்த நாளில் சுபாஷ் விமானம் ஏறினார். இந்தத் தடவை வழி காட்ட ஆள் வைத்திருந்தார்கள். விழாவுக்கு மறுநாளே ஆதிமூலம் குத்தகையைப் பறித்தார், கரும்பு வெட்ட வேறு ஆள் பிடித்தார். பிச்சைமுத்து விடிகாலை பஸ்ஸில் திருக்கோவிலூர்ப் பக்கம் கூலிக்குப் போக ஆரம்பித்தார். இருசம்மாள் மட்டும் மசாலாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மூணு வாட்டியா வாங்குனாரு, மூணு வாட்டியா என்று கேட்டுக் கேட்டு முறைத்தாள்.

விழா நடந்த அன்று சாயங்காலமே எழில்மதி போன் செய்திருந்தாள். உதவியாகப் போக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிச்சைமுத்து தெருவில் நின்றபடி, மலையில் நடந்ததையும் தான் பொய் சொன்னதையும் மண்டபத்தில் பேசியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தப்பா பேசிட்டனாம்மா? உன் வேலைக்கு எதுனா ஆயிடுமா?"

"யப்பா," என்றாள் எழில்மதி. "மைக்குல சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுப்பா."

அவர் இன்னொரு தடவை சொன்னார். ஊர்த் தெருவரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார்.